மோட்டாரைத் தூக்கிப் போடாதீங்க!

ஞாயிற்றுக்கிழமையானால் சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் பழைய கரண்ட் அலாரம் கடிகாரம் தேடி அலைவது என் வழக்கம். "இன்னொரு குப்பையா?" என்பார் தங்கமணி. மும்பை ஒன் பெட்ரூம் ஃபிளாட்டில் இந்தக் கேள்வி நியாயம்தான்.

நிற்க. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ரிப்பேருக்குக் கொடுத்தால், "குவார்ட்ஸ் மெஷின் போட்டுரலாம் சார், செல்லில் ஓடும்" என்பார்கள். தலையாட்டாதீங்க! திருச்சி வீட்டில் இருந்த அப்பாவின் ஸ்மித்ஸ் கடிகாரத்துக்கு நான் தலையாட்டினேன். கரண்ட் போய் வந்தால் பின்னாலுள்ள குமிழை அப்பா சுற்றிவிடுவார். அப்போதுதான் அது கிளம்பும். இப்போது நேரம் சரியாகக் காட்டுகிறது. சுற்றிவிட ஒன்றுமில்லை. மோட்டார் எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ...

விஷயமே அந்த சிங்க்ரனஸ் மோட்டாரில்தான். மின்சாரத்தின் நொடிக்கு 50 துடிப்பை எண்ணித்தான் அது ஓடும். 49.9 ஹெர்ட்ஸாக இறங்கினால் மணிக்கு 7 நொடி பின்தங்கும். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டு வந்தது 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் போட்டும் மணிக்கு 10 நிமிஷம் லேட்!

2013 டிசம்பர் 31 வரை தென்னக கிரிட் தனித் துடிப்பில் ஓடியது. அன்று சோலாப்பூர்-ராய்ச்சூர் லைன் வழியாக மற்ற கிரிட்டோடு சேர்ந்தது. நாம் சென்னைக்கு ரயிலில் போகும்போது தாண்டுகிற அதே ஊர்கள்தான். இன்று திருச்சியில் அம்மா வீட்டு பிளக்கிலும் என் தலைமாட்டு பிளக்கிலும் ஒரே துடிப்பு. செல் போட்ட கடிகாரத்துக்கு இது தெரியுமா?

அதற்காகப் பழசு எல்லாமே அப்படியே இருக்கணும் என்று சொல்லமாட்டேன். உள்ளே ஓடுவது 230 வோல்ட். வெடித்துப்போன ரப்பர் வயரை முதலில் மாற்றுங்கள். உலோகப் பெட்டி என்றால் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் மோட்டார் செத்திருக்காது, எண்ணெய்தான் இறுகியிருக்கும். துடைத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். காயில் போயிருந்தால் வைண்டிங் கடைக்காரர் இருக்கிறார்.

2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுக்கக் கரண்ட் போனபோது, பஜாரில் வாங்கிய இன்னொரு ஸ்மித்ஸ் பத்து மணி வாக்கில் நின்றது. கரண்ட் வந்ததும் பையன் ஓடிப்போய்க் குமிழைச் சுற்றினான். தாத்தா செய்ததை அவன் பார்த்ததே இல்லை.

உங்க வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், வயரை மாற்றுங்கள். மோட்டார் அங்கேயே இருக்கட்டும்.