என் மகனுக்கு நேரத்தோடு சோறு கொடுத்தது உண்மைதான். ஆனால் முழுக்கதையையும் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மாமிமார், உம்மம்மாமார், அப்பாயி அம்மாயிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்த விஷயத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

போன வாரம் பாடசாலை விடும் நேரம், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா கேட்டடியில் நின்றார். கொழுந்து எடுக்கிறவர். கையில் மூன்றரை மாதக் குழந்தை, தோளில் கக்கல் பட்ட துவாய். "டீச்சர், புள்ள குடிக்கிற பால எல்லாம் கக்கிக்கிட்டே கெடக்கு. ரஸ்க்க ஊறவச்சுக் குடுக்கச் சொல்றாங்க. ஒங்க மகனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சாம், வெள்ளனாவே சோறு குடுத்ததும் நின்னுருச்சாம்ல?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. என் பிள்ளையின் கதை டிக்கோயாவில் இப்படியா சுற்றுகிறது? என் பெயரைச் சொல்லி இன்னும் எத்தனை வீட்டில் மூன்று மாதப் பிள்ளைக்குக் கரண்டி நீட்டுகிறார்களோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு மூன்றாவது வாரமே கக்கல் தொடங்கியது. பால் குடித்து முடிந்ததும் வாய் நிறைய வரும், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவான். மாமி சொன்னார், "புள்ளக்கி பால் காணாது மகள், அதான் அழுற. நாலு கரண்டி சோத்துக்கஞ்சி குடுங்க, வயிறு நெறஞ்சா தூங்கும்." அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் கிளினிக்கிலேயே நான்கு மாதத்தில் சாப்பாடு தொடங்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று திருத்திச் சொன்னது 2001இல்தான். நம் நாடு அதற்குப் பிறகுதான் மாறியது.

டவுனில் ஒரு டிஸ்பென்சரியில் தாய்ப்பாலோடு பால்மாவும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். கூடியது. வேறு பால்மா என்றார்கள். இன்னும் கூடியது. ஒன்பதாவது வாரம் பிள்ளையின் மலத்தில் சளியோடு இரத்தக் கோடு. அன்று இரவு நானும் கணவரும் தூங்கவில்லை. கிளினிக் கார்டில் நிறைக் கோடு மேலே போகாமல் படுத்தே கிடந்தது.

பிறகு காட்டிய குழந்தை வைத்தியர் பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீங்க?" எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டிக்கோயா ஆளிடம் கேட்கிற கேள்வியா இது! ஆறு, ஏழு என்றேன். எல்லாம் பால் போட்டதா என்றார். பால்மா போட்டது என்றேன்.

விஷயம் அதுதான். பசுப்பாலின் புரதம் என் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, அவன் குடலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே பலர் குழம்புகிறார்கள். "தாய்ப்பாலே ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து" என்பார்கள். தாய்ப்பாலில் லக்டோஸ் என்ற சீனி எப்போதும் இருக்கிறது, அதைச் செரிக்க முடியாமல் பிறக்கிற பிள்ளைகள் மிக மிக அரிது. அனேகமாகப் பிரச்சினை பசுப்பால் புரதத்தில்தான். எனவே நிறுத்த வேண்டியது தாய்ப்பாலை இல்லை, தாய் சாப்பிடும் பால் சாமான்களை. அதுவும் எல்லாக் கக்கலுக்கும் இல்லை. வைத்தியர் சந்தேகப்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பது, குறைந்தால் திரும்ப ஒரு தடவை சாப்பிட்டு உறுதி செய்வது. அதுதான் முறை.

நான் பிளேன்டீக்கு மாறினேன். யோகட், தயிர், பட்டர் கேக், பால் போட்ட பிஸ்கட் எல்லாம் போனது. பிள்ளைக்குக் கொடுத்த பால்மாவும் நின்றது. (ஆட்டுப்பால் நல்லது என்று ஒருவர் கொண்டுவந்து தந்தார். அதன் புரதமும் பெரும்பாலும் பசுப்பால் போலத்தான், பயனில்லை.) யாரும் சொல்லித்தராத ஒன்றை நானே பக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: பால் கொடுக்கும் தாய்க்குக் கிளினிக்கில் தருகிற திரிபோஷாவிலும் பால்மா இருக்கிறது. திரிபோஷா நல்ல சாமான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்படியான பிள்ளையின் தாய் அதைச் சாப்பிட்டுக்கொண்டே "பால் நிறுத்திவிட்டேன், சரிவரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. குடும்பநல மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். கல்சியம் லக்டேட் குளிசையின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பாலில்லை. பால் நிறுத்திய தாய்க்கு அது தேவை. நெத்தலியும் கீரையும் கூட.

இரண்டு வாரத்தில் கத்தல் குறைந்தது. நான்காவது வாரம் கக்கலும் பாதிக்கு மேல் குறைந்தது. சோதனைக்காக ஒரு நாள் பால் தேத்தண்ணி குடித்தேன், இரண்டு நாளில் திரும்பி வந்தது. அப்போது மகனுக்கு நான்கு மாதம்கூட முடியவில்லை. ஒரு பருக்கை சோறு அவன் வாயில் படவில்லை.

சாப்பாடு தொடங்கியது ஐந்து மாதம் முடிந்த பிறகு. ஆறு வரை காத்திருக்காமல் தொடங்கச் சொன்னது வைத்தியர். நிறை இன்னும் மெதுவாகத்தான் ஏறியது. தலை நன்றாக நின்றது, பிடித்தால் உட்கார்ந்தான், நாங்கள் சாப்பிடும்போது கோப்பையை எட்டிப் பிடித்தான், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளுவதை விட்டிருந்தான். இவ்வளவையும் பார்த்துத்தான் சொன்னார். ஐரோப்பியக் குழந்தை வைத்தியர் சங்கம் 2017இல் சொன்ன எல்லையும் 17 வாரத்துக்கு முன் கூடாது, 26 வாரத்துக்குப் பின் தள்ளவும் கூடாது என்பதுதான்.

ஆனால் ஊர் கண்டது எதை? கரண்டியும் சோறும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நான் பால் தேத்தண்ணியை விட்டது யாருக்கும் தெரியவில்லை. அதனால் "சோறு கொடுத்தார், நின்றுவிட்டது" என்று கதை பிறந்துவிட்டது.

கக்குவது நோய் இல்லாமலும் இருக்கலாம். 100 பிள்ளைகளில் 40 பேராவது கக்குவார்கள், அவர்களில் 90 வீதமானோருக்கு ஒரு வயதுக்குள் தானாக நிற்கும். இரைப்பை வாசலில் இருக்கும் தசை இன்னும் இறுகவில்லை, சாப்பாடு எல்லாம் திரவம், பிள்ளை பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. இதுதான் காரணம். உட்காரத் தொடங்கும் ஆறேழு மாதத்தில் குறைவதும் அதனால்தான். அதே நேரம் சோறும் தொடங்குவதால் பெயர் சோற்றுக்குப் போய்விடுகிறது. கக்கிவிட்டுச் சிரிக்கிற, நிறை ஏறுகிற பிள்ளைக்கு எதுவும் தேவையில்லை. குடித்த பின் கொஞ்ச நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள், போதும். தூங்க வைப்பது மல்லாத்தித்தான். பச்சையாகக் கக்கினால், பீய்ச்சி அடித்தால், இரத்தம் கண்டால், சிறுநீர் குறைந்தால், நிறை நின்றால், பதிவு வாசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் சோறு, கஞ்சி, ரஸ்க் எதுவும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். நான்குக்கும் ஆறுக்கும் இடையில் உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த வைத்தியர் சொன்னால் மட்டும். என் அனுபவம் உங்களுக்கு மருந்துச்சீட்டு இல்லை. போத்தலில் கஞ்சியைக் கலந்து கொடுப்பது அதைவிட மோசம், புரைக்கேறும். அதேபோல, ஒவ்வாமைக்குப் பயந்து ஆறு மாதம் முடிந்தும் எட்டு ஒன்பது மாதம் வரை இழுப்பதும் பிழை. முட்டையையும் மீனையும் ஒளித்து வைப்பதால் ஒவ்வாமை குறையாது. 2016 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 100க்கு 17 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமில்லை என்றால், தோட்டங்களில் 32 பேர். நம் பிள்ளைகளுக்குத் தள்ளிப்போட நேரமில்லை.

அந்தத் தாய் கேட்ட ரஸ்க்கிலேயே பால் இருக்கலாம் என்பது இன்னொன்று. பக்கெட் சீரியல் பலவற்றிலும் அப்படித்தான். வே, கேசீன், மில்க் சொலிட்ஸ் என்று எழுதியிருந்தால் எல்லாம் பால்தான். நான் கொடுத்தது கரண்டியில் இருந்து வடியாத பதத்தில் மசித்த சோறு. அடுத்தடுத்து பருப்பு, வட்டக்காய், கரட், பிறகு முட்டை மஞ்சள், முள் நீக்கிய மீன். தேங்காய்ப்பால் தாராளமாக, அதற்கும் பசுப்பாலுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக ஒன்று கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நம் வீடுகளில் பிள்ளை நாக்கில் தேன் தடவும் பழக்கம் உண்டு. ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டவே வேண்டாம், அதில் வரும் கிருமி விஷம் சின்னக் குடலில் ஆபத்து.

இவ்வளவையும் அந்தத் தாயிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "டீச்சர், எனக்கு லீவு முடிஞ்சிருச்சு. மலைக்குப் போனா புள்ள பிள்ளைக்காம்பராவுலதான். பசிச்சா அவங்க என்னத்தக் குடுப்பாங்க?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

அரசாங்க ஆசிரியை எனக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளம், அதன் பிறகு அரைச் சம்பளத்திலும் லீவு. ஐந்து மாதத்தில் வைத்தியர் சொல்லும்போது நான் வீட்டில் இருந்தேன். அவருக்குச் சட்டம் தருவது மொத்தம் 12 வாரம், பிரசவத்துக்கு முந்திய நாட்களும் அதற்குள்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டுகிற அதே அரசாங்கம், மூன்றாவது மாதத்தில் அவரை மலைக்கு அனுப்புகிறது. சோறு நேரத்தோடு தொடங்குவது அறியாமையால் என்று பேசுகிற படித்தவர்கள் (நானும் பேசியிருக்கிறேன்) இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு வயது வரை பால் கொடுக்க வேலைநேரத்தில் நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். ஆனால் மேல்மலையில் இருந்து இறங்கி ஏறவே அந்த அரை மணி போய்விடும், கிலோ குறைந்தால் அரைப்பேர். அப்படியானால் அந்த உரிமை யாருக்கு? சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் மேசையில் வையுங்கள்: பால் கொடுக்கும் தாய்மாருக்குக் காம்பராவுக்குக் கிட்ட உள்ள மலை, இடைவேளைக்குக் கிலோ வெட்டக் கூடாது. துரைமாருக்குப் பெரிய செலவு இல்லாத விஷயம். பள்ளிவாசலில், கோவிலில், தேவாலயத்தில் பேசுகிறவர்களும் பேசலாம். இரண்டு வருடம் பால் கொடுப்பதையும், மறக்கடிப்பதென்றால் தாயும் தகப்பனும் கலந்து பேசுவதையும் எங்கள் குர்ஆன் சொல்கிறது. அந்தத் தகப்பன்மாரையும் இந்தப் பேச்சில் காணோம்.

அதுவரைக்கும் நாங்கள் இருவரும் செய்தது இது. காலையில் பால் பீச்சி, கொதிக்க வைத்துக் கழுவிய மூடிக் கோப்பையில் வைப்பது. வெளியே நான்கு மணித்தியாலம் இருக்கும். காம்பராவில் இருக்கும் அக்கா போத்தல் இல்லாமல் சின்னக் கோப்பையால் கொடுக்க ஒத்துக்கொண்டார். பத்து மணிக்கு ஒரு தடவை தாய் இறங்கி வருகிறார், கங்காணியிடம் அவர் கணவர் பேசியிருக்கிறார். பால் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு நிறை ஏறுகிறது, சிரிக்கிறது, அது வெறும் கக்கல்தான் என்று குடும்பநல மிஸ் பார்த்துச் சொன்னார். ரஸ்க் பக்கெட்டை அக்காக்காரி, என் வகுப்புப் பிள்ளை, நேற்று இடைவேளையில் தின்றுகொண்டிருந்தாள்.