அம்மாவின் முட்டிக்கு ஒரு டிக்கெட்

"எதுக்கு கண்ணு இத்தனை காசு? உக்காந்துட்டே போயிக்கறேன்" என்றாள் அம்மா. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு பஸ்ஸில் போகவே இரண்டு தடவை எழுந்து நிற்க வைக்கிற முட்டி அது. தங்கச்சியின் பேறுகாலத்துக்கு சிகாகோ போகணும்.

"பிசினஸ் கிளாஸா? கொழுப்பெடுத்த செலவு" என்று பங்காளிகள் சிரித்தார்கள். ஒருநாள் கல்யாணத்துக்கு ஊரையே கூட்டி இலை போடுகிறவர்கள். அதை விடுங்கள். என் சண்டை, மலிவாகப் பறப்பது எப்படி என்று வகுப்பெடுக்கும் நம் வயசுக்காரர்களோடு. கிரெடிட் கார்டு பாயிண்ட் சேருங்கள், தேதியை மாற்றிப் பாருங்கள், கொழும்பிலிருந்து கிளம்புங்கள் என்கிறார்கள். பொய்யில்லை, கொழும்பில் தொடங்கும் டிக்கெட் பல நேரம் மலிவுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவது தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்கணும். முட்டிவலிக்காரிக்கு இதையா சொல்வது? பிரசவத் தேதியை எந்தக் காலண்டரில் தள்ளிவைப்பது?

கோவையிலிருந்து சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி போவதெல்லாம் சிக்கன ரக விமானங்கள். படுத்துப் போகும் இருக்கை ஒன்றில்கூடக் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கொச்சிக்கு ஓடணும், இல்லையென்றால் சென்னை, பெங்களூர். ஜிஎஸ்டியோ 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு 18 சதவீதம், சாதா வகுப்புக்கு 5. தேய்ந்த முட்டியும் அரசாங்கத்துக்கு ஆடம்பரம்தான்.

கொச்சியிலிருந்து ஒரே டிக்கெட்டில் போக மட்டும் படுக்கை, வர சாதா என்று எடுத்தேன். அம்மாவிடம் விலையைப் பாதியாக்கிச் சொன்னேன்.

"அதுவே ஜாஸ்தி" என்றாள்.