படம் பிடித்தவனின் பங்கு

விளையாட்டரங்கில் வெற்றி பெற்றவனின் பெயர் மறுநாட் பத்திரிகையிலே பெரிய எழுத்தில் வருகிறது. அவ்வெற்றியை நம் கண்முன் நிறுத்திய படப்பிடிப்பாளனின் பெயரோ, வந்தாலும், படத்தின் ஓரத்திலே சிற்றெழுத்தில் ஒடுங்கிவிடுகிறது. பெயர் சிறுத்திருப்பது பெருங்குறையன்று. அவனுடைய உரிமையும் அவ்வாறே சிறுத்துப்போவதுதான் நாம் சிந்திக்கவேண்டிய விஷயம்.

இத்துறையில் நிரந்தரச் சம்பளம் பெறுவோர் அருகி வருகின்றனர். அமெரிக்காவின் பேர்பெற்ற 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட்' சஞ்சிகை, 2015 ஆம் ஆண்டு ஜனவரியிலே தன்னிடம் எஞ்சியிருந்த ஆறு படப்பிடிப்பாளரையும் ஒருங்கே விலக்கியது. ஒப்பந்தத் தொழிலில் ஒரு வகை உண்டு. அதில் கமராவும் பயணமும் படப்பிடிப்பாளனின் செலவு. படம் விலைபோனால் ஒரு பங்கு கிடைக்கும். போகாவிடில் உழைப்பு வீண்.

இத்தகைய ஒப்பந்தத்தின் சிக்கலை ஒரு வழக்குத் தெளிவாகக் காட்டுகிறது. 2013 ஆம் ஆண்டிலே ஏழு படப்பிடிப்பாளர்கள், என்.எவ்.எல். என்னும் அமெரிக்க உதைபந்தாட்ட அமைப்பின் மீதும், அசோசியேற்றட் பிரஸ் முதலிய நிறுவனங்கள் மீதும் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். படங்களின் பதிப்புரிமை தம்முடையது என்றனர் அவர்கள். ஆயினும், வீரரின் சீருடையிலுள்ள சின்னங்கள் என்.எவ்.எல். தரப்புக்கு உரியவை, அதன் சம்மதமின்றி அப்படங்களை வணிகத்துக்கு விற்றல் அரிது. விற்கும் அதிகாரமோ ஒரே முகவரிடம் இருந்தது. அம்முகவர், பங்குப்பணம் எதுவுமின்றித் தம் படங்களை அவ்வமைப்புக்கு வழங்கிற்று என்பதே எழுவரின் முறைப்பாடு.

கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. 2018 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம், ஏக முகவர் முறை போட்டியைக் கெடுக்கிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் பதிப்புரிமை பற்றிய முறைப்பாடு விசாரிக்கத்தக்கதே என்றது. முன்னர் நிகழ்ந்த மீறலைப் பின்னர் எழுதிக்கொண்ட அனுமதி துடைத்துவிடாது என்பதும் அதன் முடிவு.

சட்டம் உரிமையைத் தரலாம். பேரம் பேசும் வலிமையைத் தருவதில்லை. இங்கிலாந்தின் 1956 ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கொடுத்துப் படம் எடுப்பித்தவருக்கே அதன் உரிமை என்றது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை எடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்தது. எனினும், அதனை ஒப்பந்தத்தின் அடியிலிடும் ஒரு கையெழுத்தால் மீண்டும் வாங்கிவிடலாமே! வேலை வேண்டி நிற்பவன் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்வது எங்ஙனம்?

அரங்கின் வாயிலைத் திறந்துவிட்டவருக்கும், களத்தில் ஆடியவருக்கும் பங்கு உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் ஒருநாள் வேலைக்கான கூலி வேறு. ஆண்டுக்கணக்காகப் படத்தைப் பயன்படுத்துவதற்கான விலை வேறு. எந்த உபயோகத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன பங்கு என்பவற்றை ஒப்பந்தம் தனித்தனியே கூறவேண்டும். இதனைத் தனியொருவன் கேட்டால் வேறொருவனை அழைப்பர். பலர் சங்கமாகக் கூடிக் கேட்டால் செவிசாய்க்க நேரும்.

சிறுதொகைக்கு நூலுரிமையை விற்றுவிட்டுப் பின்னர் வருந்திய எழுத்தாளரின் கதை நமக்குப் புதிதன்று. பேனா பிடித்தவனுக்கு நாம் வேண்டும் நீதியைக் கமரா பிடித்தவனுக்கும் வேண்டுவதே முறை.