ரெண்டு வயசு குறைச்சா என்ன?

போன வாரம் வடலூரில் மாலை நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகள் பக்கம் போனது. "நல்லா ஆடுற பையன் சார். சர்டிபிகேட்டுல ரெண்டு வயசு குறைச்சா யாருக்கு நஷ்டம்?" என்றார் நண்பர். அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் 1947 முதல் சிறுவர் பேஸ்பால் போட்டி நடக்கிறது. இப்போது 20 அணிகள். பாதி அமெரிக்கா, பாதி வெளிநாடு. ஆடுவது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஊர் ஊராகப் பொறுக்கி அணி சேர்க்க முடியாது. ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அதற்கு இருப்பிடச் சான்று, வயதுக்குப் பிறப்புச் சான்று. பிஞ்சுத் தோள் கெடக்கூடாது என்று, ஒரு பையன் ஒரு நாளில் வீச 85 பந்துதான் வரம்பு. 66 வீசிவிட்டாலே நாலு நாள் ஓய்வு. இத்தனை ஏற்பாடும் ஒரு பிறந்த தேதியை நம்பித்தான் நிற்கிறது.

அங்கேயும் ஏமாற்றினார்கள். 1992-இல் கோப்பை வென்ற பிலிப்பைன்ஸ் அணியில் தகுதியில்லாத பையன்கள் ஆடியது தெரிந்து பட்டம் பறிபோனது. 2001-இல் நியூயார்க் அணியின் நட்சத்திரப் பந்து வீச்சாளனுக்கு வயது 14 என்று அம்பலமானது. வெறும் 46 அடி தூரத்திலிருந்து அவன் வீசிய பந்துக்கு எதிரே நின்றவர்கள் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள்! பொய்ச் சான்று பெரியவர்கள் வேலை. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பையனின் பெயரை. அதனால்தான் நான் எழுதவில்லை.

"எல்லாரும் செய்யறாங்க, நாம மட்டும் யோக்கியமா இருந்தா தோத்துடுவோம்" என்பார்கள். தோற்கட்டுமே! பன்னிரண்டு வயதில் தோற்ற பிள்ளை அடுத்த வருஷம் ஆடலாம். பொய் வயதுக்காரனிடம் இடத்தைப் பறிகொடுத்து, நமக்கு ஆட்டம் வராது என்று பேட்டைப் போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வருவானா?

எங்கள் காலத்தில் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒண்ணாம் வகுப்பு. வாத்தியார் போட்டதே பிறந்த தேதி. எனக்கு ஒரு வயது கூட்டிப் போட்டார். ஒரு வருஷம் முன்னாலேயே வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். எழுதியவருக்கு வலிக்கவில்லை.

பையனைத் தண்டிக்காதீர்கள். சான்று வாங்கிக் கொடுத்தவரையும், தெரிந்தே அணியில் சேர்த்த பயிற்சியாளரையும் மைதானத்துப் பக்கமே விடாதீர்கள். நண்பரே, நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்களே. இடம் கிடைக்காமல் வேலிக்கு வெளியே நிற்கிறானே, அவனைக் கேளுங்கள்.