சிப் டிசைன் மென்பொருள் இலவசம்தான்... ஆனால் எல்லை எங்கே?

தயாரிப்பு ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்தான் எஃப்பிஜிஏ. அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' புராசஸரை வீட்டு மேஜையிலேயே ஓட்டிப் பார்க்க முடிவது இதனால்தான். ஆர்ட்டி ஏ7 என்ற சின்ன போர்டு போதும். அதற்கான விவாடோ மென்பொருளுக்கு இலவசப் பதிப்பும் இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

எதில் கை வைக்கிறார்கள்?

முதல் வெட்டு, சிப் பட்டியலில். விவாடோவின் இலவசப் பதிப்பில் ஆர்டிக்ஸ்-7, ஸ்பார்ட்டன்-7 போன்ற சிறிய சிப்களுக்கு டிசைன் செய்யலாம். பெரிய விர்டெக்ஸ் சிப் என்றால் காசு கட்ட வேண்டும். குவார்டஸ் லைட்டிலும் அதே கதைதான்: மேக்ஸ் 10 உண்டு, ஸ்ட்ராடிக்ஸ் கிடையாது.

இரண்டாவது, வேகம். குவார்டஸுடன் இலவசமாக வந்த மாடல்சிம் சிமுலேட்டர், 10,000 வரிகளைத் தாண்டினால் மெதுவாகிவிடும்.

மூன்றாவது, ரெடிமேட் டிசைன் பிளாக்குகள். சிலவற்றைச் சோதனைக்கு மட்டும் தருவார்கள். குறிப்பிட்ட நேரம் ஓடியதும் நின்றுவிடும்.

'சக்தி' சொல்லும் பாடம்

சக்தியின் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அது எழுதப்பட்டிருப்பது புளூஸ்பெக் மொழியில். அதன் கம்பைலர் 2020-ல்தான் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதுவரை வீடு திறந்தே இருந்தது, சாவி மட்டும் வேறொருவர் கையில்.

அடுத்த கட்டமான எஃப்பிஜிஏவில் சாவி இன்னமும் கம்பெனியிடம்தான். சக்தியின் சிறிய 'இ' வகை ஆர்ட்டி ஏ7-35டி போர்டிலும், பெரிய 'சி' வகை 100டி போர்டிலும் ஓடுகின்றன. இரண்டு சிப்களும் இலவசப் பட்டியலுக்குள் வந்ததால்தான் ஒரு மாணவரால் லைசென்ஸ் செலவில்லாமல் முயன்று பார்க்க முடிகிறது. அந்தப் பட்டியலைத் தீர்மானிப்பது ஐஐடி அல்ல.

என்ன செய்யலாம்?

கற்றுக்கொள்ள இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ போர்டு வாங்கும் முன், அதிலுள்ள சிப்பின் பெயர் இலவசப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கலாம் என்று விட்டால், போர்டு விலையை விட லைசென்ஸ் விலை அதிகமாகிவிடலாம்.

யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிகளும் இருக்கின்றன. லேட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40, ஈசிபி5 சிப்களுக்கு வெரிலாக் நிரலில் தொடங்கி சிப் வரை முழு வேலையையும் இவற்றிலேயே முடித்துவிடலாம்.

மத்திய அரசின் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம், 85,000 பொறியாளர்களைத் தயார்செய்யும் இலக்கோடு, விலையுயர்ந்த டிசைன் மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவருகிறது. நல்ல விஷயம். ஆனால் கல்லூரியின் லைசென்ஸ் கல்லூரியோடு நின்றுவிடும். படிப்பு முடிந்தவர் கூடவே வராது.

அதனால் ஒவ்வொரு கல்லூரி லேபிலும் ஒரு பயிற்சியாவது ஓப்பன் சோர்ஸ் கருவியில் நடக்க வேண்டும். வேலை தேடும் மாதங்களிலும் அந்த இளைஞரின் லேப்டாப்பில் அது ஓடும்.