தொட்டிலிலுமா குற்றப் பதிவு?

சுரண்டை வட்டாரத்திலே எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் மடியிலே சுளகு, வயிற்றிலே பிள்ளை என்று மாதங்களை எண்ணுகிறார்கள் பீடி சுற்றும் நம் தாய்மார்கள். அவர்கள் பீடியை உதட்டில் வைத்தறியாதவர்கள். ஆனாலும் புகையிலைத் தூள் மூச்சு வழியும் தோல் வழியும் உடலில் ஏறுகிறது. சிறுநீரைச் சோதித்தால் அதன் நஞ்சு தெரியக்கூடும். சோதனை சொல்வது உண்மைதான். அதைக் கொண்டு, "இவள் புகைப்பவள், பிள்ளை வளர்க்கத் தகாதவள்" என்று ஒருவர் தீர்ப்பெழுதினால்? பொய்யல்லவா அது! பொய் மட்டுமா, கொடுமையல்லவா!

அப்படியும் நடக்குமா என்று கேட்கும் தோழர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுகிறோம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் 1989-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மருத்துவம் நாடி வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரை, அவர்கள் இசைவு பெறாமலே போதைப் பொருளுக்காகச் சோதித்தார்கள். முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன்னே விலங்கு பூட்டப்பட்டவர்களும் உண்டு. கைதான பெண்கள் 30 பேர். அவர்களில் 29 பேர் கறுப்பினத்தவர்! இசைவின்றிச் சோதித்துக் காவல்துறைக்குத் தருவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொல்ல 2001 ஆயிற்று.

கறுப்பரிடம் போதைப் பழக்கம் மிகுதி போலும் என்பார் சிலர். 1990-இல் வெளிவந்த புளோரிடா ஆய்வு அவர்கள் வாயை அடைக்கிறது. சோதனையில் போதைப் பொருள் தென்பட்ட வெள்ளைக் கர்ப்பிணிகள் நூற்றுக்கு 15.4, கறுப்பினக் கர்ப்பிணிகள் 14.1. ஆனால் அதிகாரிகளிடம் புகார் செய்யப்பட்டதிலோ, வெள்ளையரைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு கறுப்பினத் தாய்மார்கள்! போதையைப் பார்த்தா புகார் எழுதினார்கள்? தோலைப் பார்த்து எழுதினார்கள்!

இந்தக் கதை நமக்குப் புதிதா? பிறந்த குலத்தைச் சொல்லி "குற்றப் பரம்பரை" என்று முத்திரை குத்திய சட்டம் இந்த மண்ணிலும் இருந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. பிறப்பைக் கொண்டு சந்தேகிப்பது என்ன செய்யும் என்பதை இரத்தம் சிந்திக் கற்றவர்கள் நாம்.

"அப்படியானால் போதைக்கு ஆளான தாயின் குழந்தையைக் கைவிடுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைவிடச் சொல்லவில்லை, காப்பாற்றும் வழியைச் சொல்கிறோம். விலங்குக்கு அஞ்சிய தாய் மருத்துவமனைப் படி ஏறமாட்டாள். அவள் வராவிட்டால் குழந்தைக்கு ஏது மருந்து? மேலும், பேற்று வலி தணிக்க மருத்துவமனையே கொடுத்த மருந்துகூட குழந்தையின் சோதனையில் தென்படலாம். சோதனைத் தாளுக்கு இது தெரியாது. தாயையும் சேயையும், அவர்கள் வீட்டையும் தொழிலையும் அறிந்த குடும்ப மருத்துவருக்குத் தெரியும். அவர் சேரிப் பெண்ணிடம் ஒரு கேள்வி, மாடிவீட்டுப் பெண்ணிடம் வேறு கேள்வி என்று வைக்கக்கூடாது. எல்லாரிடமும் ஒரே கேள்வி. இசைவு பெற்றே சோதனை. முடிவு போகவேண்டியது சிகிச்சைக்கு, காவல் நிலையத்துக்கு அன்று.

எச்.ஐ.வி. சோதனைக்கு இசைவு வேண்டும், முடிவை மறைவாகக் காக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நெறி பேறுகால அறைக்கும் எழுத்திலே வேண்டும். போதை ஒழிப்புப் பேச்சு ஓங்கும் இந்நாளில், தீமை வந்தபின் அழுவதைவிட வருமுன் வேலி போடுவதே அறிவு. கிராமச் செவிலியர் வீடு தேடி வரும் நாடு இது. அவர் கையிலே மருந்துப் பெட்டி இருக்கட்டும், குற்றப் பட்டியல் வேண்டாம்.

தோழர்களே! உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலே ஏழைத் தாய் எப்படி நடத்தப்படுகிறாள் என்று போய்ப் பாருங்கள். அவளை அதட்டும் குரல் கேட்டால் அங்கேயே தட்டிக் கேளுங்கள். பிறக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கட்டும் சமுதாயம். பழி கொடுக்க வேண்டாம்!