ரீசார்ஜ் கடையில் ஓர் ஐந்தாம் வகுப்புக் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். நேரமில்லை என்பவர்கள் கடைசியில் இருக்கும் ஐந்து குறிப்புகளை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் புது போன் வாங்கினேன். பழையது ஏழு வருடம் உழைத்தது. கண்ணாடியில் விரிசல் விழுந்தது, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கியது, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பென்ஷன் வரும் வங்கியின் செயலியே "இந்த போனில் இனி இயங்காது" என்று கையை விரித்த பிறகுதான் இறங்கி வந்தேன். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மகன் ஜெயித்தான்.

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி விருத்தாசலம் போனேன். கடையில் இருந்தவன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். போன் வாங்கும் வேலை அரை மணியில் முடிந்தது. மூன்று கேமரா வேண்டாம்; பேட்டரி நிற்க வேண்டும், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அவனும் ஏமாற்றாமல் காட்டினான்.

சிக்கல் ரீசார்ஜில் வந்தது. "சார், உங்களுக்கும் அக்காவுக்கும் சேத்து 299 போட்டுடட்டுமா? எல்லாரும் அதுதான் போடறாங்க."

அக்கா என்று அவன் சொன்னது என் சொந்த அக்காவை. பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். முதியோர் உதவித்தொகை வாங்குகிறார். கையில் பட்டன் போன். அவருக்கு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா எதற்கு?

"பேசறதுக்கு மட்டும் ஒரு பிளான் இருக்குமே, அதைப் போடு" என்றேன்.

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். "இருக்கு சார். ஆனா யாரும் கேக்கறதில்ல, நாங்களும் சொல்றதில்ல."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

அக்காவின் கதையைச் சொன்னால் நான் ஏன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று புரியும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் விலையை ஏற்றியபோது அக்கா ரீசார்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டார். "எனக்கு யாரு தம்பி போன் பண்ணப்போறா" என்பது அவர் கணக்கு. அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்துவிடுவதால் நானும் கவனிக்கவில்லை. கூப்பிட்டால் போகாது, போனை அணைத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. அடுத்த சித்திரையில் ஒரு நாள் கூப்பிட்டபோது மணி அடித்தது. எடுத்தது யாரோ ஒரு இளைஞர். "இது என் நம்பர்ங்க, போன மாசம்தான் வாங்கினேன்" என்றார். அவர் மேலும் தப்பில்லை.

அக்காவின் பத்து வருட எண் அது. வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றிலும் அதுதான் பதிவாகி இருந்தது. சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கும் எண் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. புது எண் வாங்கி எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும் என்றால் முதலில் ஆதாரில் மாற்ற வேண்டும். ஆதாருக்குக் கைரேகை கேட்டார்கள். நாற்பது வருடம் களை பறித்துத் தேய்ந்த விரல். மூன்றாவது முறை போனபோதுதான் மெஷின் ஏற்றுக்கொண்டது.

விதி என்ன தெரியுமா? ஒரு ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கலாம். ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும். டிராய் 2013-லேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. துண்டித்த எண்ணை மேலும் 90 நாளாவது வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் டிராய் சொன்னது. ஆக நமக்குக் கால அவகாசம் இருந்தது. தெரியாததால் போய்விட்டது.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல். அப்போது வரும் அழைப்புக்கும் காசு. மணி அடித்தால் எடுக்கவே பயப்படுவோம். 2003 மே 1 முதல் அழைப்பவர்தான் காசு தரவேண்டும், வரும் அழைப்பு இலவசம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் கையிலும், பூ விற்கிறவர் கையிலும், எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்க்கிறவர் கையிலும் போன் வந்தது. பத்து ரூபாய் கூப்பன் போட்டால் மாதக்கணக்கில் மணி அடிக்கும். ஒரு தடவை கட்டினால் ஆயுளுக்கும் என்று ‘லைஃப்டைம்’ சிம்கூட விற்றார்கள்.

அந்த ஆயுள் 2018 கடைசியில் முடிந்தது. 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சேவை என்றன பெரிய நிறுவனங்கள் இரண்டு. 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் திட்டம் 199-இல் வந்து நின்றது. வரும் அழைப்பு இன்றும் இலவசம்தான். ஆனால் அந்த இலவசத்தைப் பெற மாதாமாதம் காசு கட்ட வேண்டும். பள்ளியில் ஒரு பையன் இப்படி விளக்கம் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இதற்கு ஒரு பாதி மருந்துதான் நான் கடையில் கேட்டது. 2024 டிசம்பர் 23-இல் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். 90 நாளாக இருந்த உச்ச வரம்பை 365 நாள் வரை நீட்டிக்கலாம். 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அப்படித் திட்டங்களை வெளியிட்டன. ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. விலை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

வாத்தியார் இல்லையா, கடையிலேயே பேப்பர் வாங்கிப் போட்டுக் காட்டினேன்.

28 நாள் என்பது மாதம் இல்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதிமூன்று முறை கட்டுகிறோம். 299-ஐ 13-ஆல் பெருக்கினால் 3887. பேச்சு மட்டும் போதும் என்றால் 1849. மிச்சம் 2038 ரூபாய். முதியோர் உதவித்தொகை மாதம் 1200. அதில் 299 என்றால் கால் பங்கு.

அடுத்து, 336 நாள் என்பது வருடம் இல்லை. பன்னிரண்டு இருபத்தெட்டுகள். வருடத்துக்கு இன்னும் 29 நாள் பாக்கி. விலையைப் பார்த்து வாங்கக் கூடாது. விலையை நாளால் வகுத்து வாங்க வேண்டும். 1748-ஐ 336-ஆல் வகுத்தால் நாளுக்கு 5 ரூபாய் 20 காசு. 1849-ஐ 365-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 7 காசு. குறைவாகத் தெரிந்தது கூடுதல்!

மூன்றாவதுதான் மனதை உறுத்தியது. ஒரே தவணையில் 1849 கட்ட முடியாதவர் 469 போடுவார். அது நாளுக்கு 5 ரூபாய் 58 காசு. கையில் காசு இல்லாதவர்தான் நாளுக்கு 50 காசு அதிகம் கொடுக்கிறார்.

என் மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "அக்காவுக்கு நெட் வேணாம்னு நீங்க எப்படி சார் முடிவு பண்றீங்க? எங்க ஆயா நாள் பூரா போன்ல பழைய படம்தான் பாக்குது."

நியாயமான கேள்வி. நான் அக்காவைக் கேட்கவே இல்லை. அங்கிருந்தே கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குடா தம்பி அதெல்லாம். நீ கூப்டா அடிக்கணும், பணம் வந்தா மெசேஜ் வரணும். அது போதும்" என்றார். 365 நாள் திட்டத்தைப் போட்டேன்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. எங்கள் பக்கத்து வீட்டு பாயின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். தினமும் ராத்திரி பேரப்பிள்ளை முகத்தை வீடியோவில் பார்த்தால்தான் அவர் வீட்டில் சாப்பாடே இறங்கும். அவருக்கு டேட்டா ஆடம்பரம் இல்லை. எனக்கும் முகநூலும் வாட்ஸ்அப்பும் வேண்டும். ஆனால் என் பழைய போனில் போன மாதக் கணக்கைப் பார்த்தேன்: 5 ஜிபி-தான் ஓடியிருக்கிறது. நாளைக்கு ஒன்றரை என்றால் 28 நாளுக்கு 42 ஜிபி கொடுக்கிறார்கள். நேற்று மீந்த சோறு காலையில் நீராகாரம் ஆகும். நேற்று மீந்த டேட்டா எதற்கும் ஆகாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காற்றோடு போய்விடும். அதனால் மொத்தமாகச் சில ஜிபி தரும் சின்னத் திட்டத்துக்கு நானும் மாறிவிட்டேன்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. கோபுரத்துக்கும் கரண்டுக்கும் செலவு இருக்கிறது. டேட்டா விலை மிகக் குறைவாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சலுகை டேட்டாவைச் செலவழிப்பவருக்குத்தான். பேசாமல், பார்க்காமல், யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவருக்கு அதில் என்ன லாபம்?

அரசு உதவித்தொகை தருகிறது. அது வந்த செய்தி போனுக்கு வருகிறது. சிலிண்டருக்கும் வங்கிக்கும் ஓடிபி போனுக்கு வருகிறது. எண் இல்லாவிட்டால் மனிதரே இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கும் செலவையும் யோசிக்க வேண்டாமா? என் கருத்து இதுதான்: வரும் அழைப்பும் ஓடிபி-யும் மட்டும் உள்ள ஒரு வருடத் திட்டம், உதவித்தொகை வாங்குபவர் கட்டக்கூடிய விலையில் வேண்டும். டிராய் பாதி தூரம் வந்திருக்கிறது. மீதிப் பாதி நாம் கேட்டால்தான் நடக்கும். யாரும் கேட்காததைக் கடைக்காரன்கூடச் சொல்வதில்லை, பார்த்தோமே!

போன் மாற்றப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஐந்து குறிப்புகள்:

1. கடைக்குப் போகும் முன் பழைய போனின் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு எவ்வளவு என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பிளான் எடுப்பது அளவு கொடுக்காமல் சட்டை தைப்பது போல.

2. எந்தத் திட்டமானாலும் விலையை நாளால் வகுங்கள். பேச்சு மட்டும் உள்ள திட்டத்தை வாய்விட்டுக் கேளுங்கள். பழைய 2ஜி பட்டன் போன் வைத்திருப்பவர்கள் ஜியோ சிம் வாங்க வேண்டாம், அதில் எடுக்காது.

3. எந்த நிறுவனம் நல்லது என்று விளம்பரத்தைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையைக் கேளுங்கள். உங்கள் வீட்டு உள் அறையில் சிக்னல் எடுப்பதுதான் நல்ல நிறுவனம். பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை நாடு முழுக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் தெருவில் எப்படி எடுக்கிறது என்று விசாரியுங்கள். மாற வேண்டும் என்றால் எண்ணை இழக்கத் தேவையில்லை. PORT என்ற ஆங்கில எழுத்துகளை நான் இங்கே தமிழில் ‘போர்ட்’ என்று எழுதுகிறேன்: அதை டைப் செய்து, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள்.

4. "சார், பின் நம்பர் சொல்லுங்க, நானே எல்லாம் மாத்திடறேன்" என்று யார் சொன்னாலும், பழைய மாணவனே ஆனாலும், நீங்களே விரலால் போடுங்கள். வாட்ஸ்அப்பை பேக்கப் எடுத்து, புது போனில் எல்லாம் வந்ததை உறுதி செய்த பிறகு பழைய போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

5. வீட்டுப் பெரியவர்களின் ரீசார்ஜ் முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இருப்பில் 20 ரூபாய்க்குக் குறையாமல் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு ஒரு அழைப்பு வரச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் பீங்கான் கோப்பை வாங்கினால் விரலால் ஒரு சுண்டு சுண்டி, சத்தம் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுப்போம். இருபது ரூபாய்க் கோப்பைக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை வருடம் முழுக்கக் கட்டுகிற காசுக்கும் காட்டலாம்.

நேற்று சாயங்காலம் அக்கா அவராகவே கூப்பிட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, போன் போகுதான்னு பாத்தேன்" என்றார். பத்து நிமிடம் பேசினோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண் இப்போது மணி அடிக்கிறதா? படித்து முடித்ததும் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் பேச்சு மட்டும் உள்ள திட்டத்தைக் கடையில் தருகிறார்களா என்று கீழே சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், மங்கலம்பேட்டை